பறவைக் காய்ச்சல் கண்காணிப்பு: சந்தைக்கும் கூண்டுக்கும் முதன்முறை மாதிரி எடுக்கப் போகிறவர்களுக்கு

பறவையின் தொண்டையில் ஸ்வாப் (மாதிரி எடுக்கும் மெல்லிய குச்சி) விட்டு எடுப்பதை ஒரு காலைப்பொழுதில் கற்றுக்கொள்ளலாம். அதற்கு முன்னாலும் பின்னாலும் இருக்கிற வேலைதான் ஆளைச் சாய்த்துவிடும். யாரிடம் அனுமதி வாங்குவது, மாதிரி எந்தப் பெட்டியில் போகும், வைரஸ் இருப்பதாக முடிவு வந்தால் முதல் தொலைபேசி யாருக்கு என்று ஒன்றொன்றாக முட்டி மோதித்தான் எனக்குத் தெரியவந்தது. உயிருள்ள கோழி, வாத்து, காடை விற்கும் சந்தைகளிலும், காட்சியகம், மீட்பு மையம் போன்ற இடங்களில் அடைத்து வளர்க்கும் காட்டுப் பறவைகளிலும் இந்த வேலையைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக, வரிசைப்படி எழுதுகிறேன்.

1. எதற்காக மாதிரி எடுக்கிறீர்கள்?

"வைரஸ் இங்கே இருக்கிறதா?" என்பது ஒரு கேள்வி. "எத்தனை சதவீதம் பறவைகளில் இருக்கிறது?" என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு, சோர்ந்த பறவை, செத்த பறவை, அழுக்கான கூண்டு என்று சந்தேகப்படும் இடங்களாகப் பார்த்துத் தேடலாம். இரண்டாவதற்கு அப்படிச் செய்தால் கணக்கு கெட்டுவிடும்; குலுக்கல் முறையில்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டையும் கலந்து எடுத்துவிட்டு, அப்புறம் புள்ளியியல் தெரிந்தவரிடம் போய் நின்றால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

எண்ணிக்கைக்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. பறவைகளில் 10 சதவீதத்துக்காவது தொற்று இருந்தால், அதில் ஒன்றையாவது 95 சதவீத உறுதியோடு பிடிக்கச் சுமார் 30 பறவைகள் போதும். 5 சதவீதம் என்றால் 60. 1 சதவீதம் என்றால் 300. இது பெரிய கூட்டத்துக்கான கணக்கு. சோதனை எதையும் தவறவிடாது என்றும், பறவைகள் குலுக்கல் முறையில் எடுக்கப்பட்டவை என்றும் வைத்துக்கொண்டு போட்டது. ஒரே கூண்டில் நெருக்கியடித்து நிற்கும் பறவைகள் ஒன்றுக்கொன்று தொற்றிக்கொண்டிருக்கும் என்பதால், ஒரு கடையில் 30 எடுப்பதைவிடப் பத்துக் கடையில் மூன்று மூன்றாக எடுப்பது நல்லது.

2. தொற்று உறுதியானால் என்ன நடக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்

பெரும்பாலோர் இதைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் ஸ்வாப் வாங்குவதற்கு முன்பே இது முடிந்திருக்க வேண்டும்.

தீவிரமான பறவைக் காய்ச்சல், அறிவிக்கப்பட வேண்டிய நோய்களில் ஒன்று. உலக விலங்கு சுகாதார அமைப்புக்கு அதை அறிவிக்கும் பொறுப்பு நாட்டின் கால்நடைத் துறைக்கு உரியது. ஆய்வாளருக்கோ காட்சியகத்துக்கோ உரியதல்ல. உங்கள் கடமை, அந்தத் துறைக்கு உடனே சொல்வது. ஆகவே கீழே உள்ளவற்றுக்குத் தொடங்கும் முன்பே பதில் கையில் இருக்கட்டும்: எந்த அதிகாரிக்கு, எத்தனை மணி நேரத்துக்குள், எந்த வழியில் சொல்வது? முதல்கட்ட பிசிஆர் (வைரஸின் மரபணுவைத் தேடும் சோதனை) முடிவே போதுமா, தேசிய ஆய்வகம் உறுதிசெய்யும் வரை காத்திருப்பதா? சந்தையை மூடும் முடிவை எடுப்பவர் யார்? பறவைகளை அழித்தால் இழப்பீடு உண்டா?

இழப்பீட்டுக் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாமல் வியாபாரிகளிடம் போகாதீர்கள். "ஒன்றும் ஆகாது, சும்மா ஒரு சோதனை" என்று சொல்லிச் சமாளிப்பதைப் பலரும் செய்கிறார்கள். ஒருமுறை கடை மூடப்பட்டால் அந்தச் சந்தையில் உங்களுக்கு மட்டுமல்ல, உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் கதவு சாத்தப்படும். நோயுள்ள பறவைகள் சத்தமில்லாமல் வேறு சந்தைக்குப் போய்விடும். அது இன்னும் மோசம்.

காட்சியகங்களில் இந்தப் பேச்சு இன்னும் கடினம். அங்கே இருப்பது அரிய இனமாக இருக்கலாம், அதை அழிப்பதா தனிமைப்படுத்துவதா என்ற முடிவு விதிகளைப் பொறுத்தது. நிர்வாகத்தையும் கால்நடைத் துறையையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, பேசி முடித்ததை எழுதி, இரு தரப்பிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

3. தாள்கள்

நாட்டுக்கு நாடு பெயர் மாறும், ஆனால் கோப்பில் வழக்கமாக இருக்க வேண்டியவை இவை:

- கால்நடைத் துறையின் அனுமதிக் கடிதம். மற்ற எல்லாரும் கேட்கும் முதல் தாள் இதுதான் என்பதால் இதற்குத்தான் முதலில் விண்ணப்பிக்க வேண்டும்.
- விலங்கு ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல். சுற்றுப்புற மாதிரி மட்டும் எடுத்தால் சில இடங்களில் விலக்கு உண்டு. அந்த விலக்கையும் எழுத்தில் வாங்குங்கள்.
- வியாபாரிகளைப் பேட்டி காண்பதாக இருந்தால் மனித ஆய்வுகளுக்கான நெறிமுறைக் குழுவின் ஒப்புதல். இது தனிக் குழு, தனி விண்ணப்பம்.
- காட்டுப் பறவை என்றால், அது கூண்டில் பிறந்ததாகவே இருந்தாலும், வனத்துறை அல்லது வனவிலங்குத் துறையின் அனுமதி.
- சந்தை நிர்வாகம் அல்லது காட்சியக நிர்வாகத்தின் ஒப்புதல் கடிதம்.
- ஆய்வகத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதலும், மாதிரிகளை ஏற்றுக்கொள்வதாக ஒரு கடிதமும்.
- மாதிரி நாட்டை விட்டு வெளியே போவதாக இருந்தால்: பொருள் பரிமாற்ற ஒப்பந்தம், ஏற்றுமதி அனுமதி, பெறும் நாட்டின் இறக்குமதி அனுமதி. நகோயா நெறிமுறைப்படி மரபு வளங்களைப் பகிர்வதற்கான ஒப்புதலும் தேவைப்படலாம்.

கடைசியில் சொன்னதில் ஒரு பொறி இருக்கிறது. சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள பறவையின் இரத்தமோ திசுவோ எல்லை தாண்டினால், பறவையே தாண்டுவதாகக் கணக்கு. வல்லூறு, கிளி, சாரஸ் போன்ற பெருங்கொக்கு இனங்களில் பல அந்தப் பட்டியலில் உள்ளன. சைட்டிஸ் அனுமதி கையில் இல்லாமல் பெட்டி விமான நிலையத்துக்குப் போனால், அது அங்கேயே கிடந்து கெட்டுப்போகும்.

கால அளவைப் பற்றி: இவை வாரக்கணக்கில் முடிகிற வேலை என்று திட்டமிடாதீர்கள், மாதக்கணக்கில் போடுங்கள். எல்லா விண்ணப்பங்களையும் ஒரே நேரத்தில் கொடுக்கவும் முடியாது. ஒன்றின் எண் மற்றொன்றின் படிவத்தில் கேட்கப்படும். எது எதைச் சார்ந்தது என்று ஒரு தாளில் அம்புக்குறி போட்டு வரைந்துகொண்டால் காத்திருப்பு பாதியாகக் குறையும்.

4. பணம் எங்கே போகும்

ஸ்வாப், குப்பி, கையுறை எல்லாம் கண்ணுக்குத் தெரியும் செலவு; மொத்தத்தில் அது சிறு பங்குதான். பெரிய செலவு மூன்று இடங்களில் வரும். பிசிஆர் வினைப்பொருள்கள் முதலாவது. குளிர்ச்சி குறையாமல் அனுப்பும் கூரியர் இரண்டாவது. வைரஸ் இருக்கிறது என்று தெரிந்த பிறகு தொடங்கும் மரபணு வரிசை ஆய்வு மூன்றாவது. இதைத் திட்டத்தில் சேர்க்க மறந்துவிட்டு, கையில் நல்ல மாதிரி இருந்தும் காசில்லாமல் நிற்கிறவர்கள் உண்டு.

செலவைக் குறைக்கப் பலரும் மாதிரிகளைக் கூட்டாகச் சேர்த்துச் சோதிக்கிறார்கள். ஒரே இனம், ஒரே இடம், ஒரே வகை மாதிரி என்றால் ஐந்து வரை சேர்ப்பது வழக்கத்தில் உள்ளதுதான். ஆனால் சந்தையிலேயே ஐந்து ஸ்வாப்பையும் ஒரே குப்பியில் போட்டுவிடாதீர்கள். தனித்தனிக் குப்பியில் எடுத்து, ஆய்வகத்தில் ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் எடுத்துச் சேர்க்கச் சொல்லுங்கள். கூட்டு மாதிரியில் வைரஸ் இருப்பதாக வந்தால், எந்தப் பறவை என்று திரும்பிப் போய்ப் பார்க்க அப்போதுதான் முடியும். குப்பிச் செலவு கூடும், பரவாயில்லை.

5. எப்போது போவது

குளிர்ந்த மாதங்களில் வைரஸ் கூடுதலாகக் கிடைக்கும். பண்டிகைக்கு முந்தைய வாரங்களில் பறவைகள் பல ஊர்களிலிருந்து வந்து குவியும் என்பதால் அப்போதும் அப்படித்தான். சந்தைக்கு விடுமுறை நாளோ கழுவிச் சுத்தம் செய்யும் நாளோ இருந்தால், அதற்கு முந்தைய நாள் போங்கள். கழுவிய மறுநாள் போய், ஒன்றும் இல்லை என்று எழுதினால் அது சந்தையைப் பற்றிய செய்தியாக இருக்காது, துடைப்பத்தைப் பற்றிய செய்தியாகத்தான் இருக்கும்.

நேரமும் முக்கியம். அதிகாலையில் பறவைகளை வண்டியிலிருந்து இறக்கும்போது எடுத்தால் பண்ணையில் இருந்து வந்த தொற்று தெரியும். மாலையில் விற்காமல் மிஞ்சிய பறவைகளில் எடுத்தால் சந்தைக்குள்ளேயே சுற்றுகிற தொற்று தெரியும். எதைத் தேடுகிறீர்கள் என்று முதலிலேயே முடிவு செய்யச் சொன்னது இதற்காகவும்தான்.

6. பையில் என்ன இருக்க வேண்டும்

ஸ்வாப்பின் முனை செயற்கை இழையாலும் தண்டு பிளாஸ்டிக்காலும் ஆனதாக இருக்கட்டும். மரத்தண்டும் கால்சியம் ஆல்ஜினேட் முனையும் பிசிஆரைக் கெடுக்கும். சிறிய பறவைகளுக்கு மெல்லிய ஸ்வாப் தனியாக வேண்டும். வைரஸ் கடத்து திரவம் ஒவ்வொரு குப்பியிலும் ஒன்றிரண்டு மில்லி போதும். அதில் நுண்ணுயிர்க்கொல்லியும் பூஞ்சைக்கொல்லியும் கலந்திருக்க வேண்டும், காரணம் எச்சத்தில் பாக்டீரியா மண்டிக் கிடக்கும். கலங்கியோ நிறம் மாறியோ இருக்கிற குப்பியைத் தூக்கிப் போடுங்கள்.

ஆளுக்கு என்95 முகக்கவசம், கண்ணாடி, கையுறை, முழு உடுப்பு, கழுவக்கூடிய பூட்ஸ். முகக்கவசம் முகத்தில் ஒட்டி நிற்கிறதா என்று முன்கூட்டியே பொருத்திப் பாருங்கள். தாடி இருந்தால் நிற்காது. குழுவில் எல்லாரும் பருவக் காய்ச்சல் தடுப்பூசி போட்டிருப்பது நல்லது. அது பறவைக் காய்ச்சலைத் தடுக்காது. மனிதக் காய்ச்சல் வைரஸும் பறவை வைரஸும் ஒரே உடம்பில் ஒன்றாகச் சேரும் வாய்ப்பைக் குறைக்கும்.

அப்புறம், ஒட்டுச்சீட்டு. இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். சாதாரண ஒட்டுச்சீட்டு ஐஸ் தண்ணீரில் ஊறி உரிந்து, பெட்டியின் அடியில் வெள்ளைக் கூழாகக் கிடக்கும். மேலே எண் இல்லாத குப்பிகள் மிதக்கும். சாதாரண மார்க்கரில் எழுதினால் ஆல்கஹால் பட்டதும் அழியும். கடுங்குளிரைத் தாங்கும் சீட்டில் முன்பே அச்சடித்த எண்ணை ஒட்டி, அதே எண்ணைப் படிவத்திலும் ஒட்டுங்கள். படிவத்தைப் பென்சிலால் நிரப்புங்கள்.

7. சந்தையில் மாதிரி எடுப்பது

முதல் நாள் மாதிரி எடுக்கவே வேண்டாம். போய் நடந்து பாருங்கள். பறவை எந்த வழியாக வருகிறது, எங்கே அறுக்கிறார்கள், கழிவுநீர் எங்கே போகிறது, வாத்தையும் கோழியையும் அருகருகே வைக்கிறார்களா என்று ஒரு வரைபடம் போட்டு, கடைகளுக்கு எண் கொடுங்கள். வியாபாரிகள் சங்கத்தில் மூத்தவர் ஒருவரோடு பேசிவிட்டு மறுமுறை போனால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பறவையைக் கடைக்காரரே தேர்ந்தெடுத்துக் கொடுப்பார், ஜாக்கிரதை. நல்ல கொழுத்த கோழியைத்தான் நீட்டுவார். கூண்டு எண், கூண்டுக்குள் எத்தனையாவது பறவை என்பதை முன்பே குலுக்கிப் போட்டுக்கொண்டு போங்கள்.

ஒவ்வொரு பறவையிலும் இரண்டு ஸ்வாப்: தொண்டையில் ஒன்று, எச்சத்துளையில் ஒன்று. தொண்டைக்கு, அலகைத் திறந்து, நாக்குக்குப் பின்னால் தெரியும் மூச்சுத் துளையைச் சுற்றியும் மேலண்ணத்தின் பிளவிலும் மெதுவாகச் சுழற்றி எடுக்க வேண்டும். எச்சத்துளை ஸ்வாப்பில் எச்சம் ஒட்டியிருப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதற்காகக் கட்டியாக அப்பிக்கொண்டு வர வேண்டாம், உதறிவிடுங்கள். ஸ்வாப்பைத் திரவத்தில் முழுக விட்டு, தண்டை முறித்து, மூடி, குளிர்பெட்டிக்குள். அடுத்த கூண்டுக்குப் போகும் முன் கையுறையை மாற்றுங்கள்.

வாத்தை மறக்காதீர்கள். கோழியைச் சில நாளில் கொன்றுவிடும் வைரஸ், வாத்துக்குள் அறிகுறியே இல்லாமல் இருக்கலாம். ஆரோக்கியமாகத் தெரிகிற வாத்தைத் தவிர்த்துவிட்டு வந்தால் பாதிக் கதை போய்விடும்.

பறவையைப் பிடிக்கக் கடைக்காரர் சம்மதிக்காவிட்டால் சுற்றுப்புற மாதிரி கைகொடுக்கும். குடிநீர்த் தொட்டி, கூண்டின் அடித்தட்டு, வெட்டும் பலகை, கழிவுநீர்க் கால்வாய் எல்லாம் எடுக்கலாம். ஒரே ஒரு இடம்தான் எடுக்க முடியும் என்றால் நான் இறகு பிடுங்கும் இயந்திரத்துக்குப் போவேன். உள்ளே இருக்கும் ரப்பர் விரல்களின் அடிப்பகுதியில், ஈரமான இறகும் கொழுப்பும் கருமையாக ஒட்டியிருக்கும் மடிப்பில் ஸ்வாப்பை அழுத்தித் தேயுங்கள். அன்று அந்தக் கடையில் அறுத்த எல்லாப் பறவைகளின் மிச்சமும் அங்கே இருக்கும். இயந்திரத்தின் மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டுத்தான் கையை விட வேண்டும்.

சுற்றுப்புற மாதிரியின் குறையையும் தெரிந்துகொள்ளுங்கள். எந்தப் பறவையிலிருந்து வந்தது என்று அது சொல்லாது. கிருமிநாசினி போட்ட பிறகும் செத்த வைரஸின் ஆர்என்ஏ பிசிஆரில் தெரியலாம்.

ஒவ்வொரு சந்தையிலும் ஒரு வெற்று மாதிரி வையுங்கள்: ஒரு ஸ்வாப்பைப் பிரித்து, எதையும் தொடாமல், காற்றில் கொஞ்ச நேரம் காட்டிவிட்டுக் குப்பியில் போடுவது. அதிலும் வைரஸ் தெரிந்தால் உங்கள் கையிலிருந்தோ ஆய்வகத்திலிருந்தோ அது மாதிரியில் கலந்திருக்கலாம். காற்றிலேயே வைரஸ் மிதந்திருக்கவும் வாய்ப்புண்டு. எதுவானாலும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

8. அடைத்து வளர்க்கும் காட்டுப் பறவைகள்

இங்கே முதல் கவலை பறவையின் உயிர். ஸ்வாப்புக்காகப் பிடித்துப் பறவையைக் கொன்றால் அந்த இடத்துக்கு மறுபடி போக முடியாது. நாரை, கொக்கு, பூநாரை போன்ற நெட்டைக்கால் பறவைகளைத் துரத்திப் பிடித்தால் தசை சிதைந்து பின்னர் சாகலாம். பறவைகளுக்கு உதரவிதானம் கிடையாது. மார்பை அழுத்திப் பிடித்தால் மூச்சு நின்றுவிடும். வெயிலில் பிடிக்காதீர்கள். அனுபவமுள்ள பராமரிப்பாளர் பிடிக்க, நீங்கள் எடுங்கள்.

எடை பார்ப்பது, கால் வளையம் மாற்றுவது, இடமாற்றம் என்று எதற்காகவாவது பறவையைப் பிடிக்கும் நாள் காட்சியகத்தின் நாள்காட்டியில் இருக்கும். அந்த நாளோடு சேர்ந்துகொள்ளுங்கள். பறவைக்கும் ஒரே அலைச்சல், உங்களுக்கும் செலவு மிச்சம்.

இரத்தம் எடுப்பதானால், ஆரோக்கியமான பறவையில் உடல் எடையில் 1 சதவீதத்துக்கு மேல் கூடாது: 100 கிராம் பறவைக்கு 1 மில்லி. நோயுற்றது என்றால் அதில் பாதியும் அதிகம்தான். இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தால் முன்பு எப்போதோ தொற்று வந்திருக்கிறது என்று பொருள். இப்போது இருக்கிறது என்று பொருளல்ல. தடுப்பூசி போட்ட பறவை என்றால் அந்த முடிவைப் படிப்பதே வேறு, ஆகவே தடுப்பூசிப் பதிவேட்டை முதலில் கேட்டு வாங்குங்கள்.

மூன்று இடங்களைக் கட்டாயம் பாருங்கள். திறந்த குளம்: வெளியிலிருந்து காட்டு வாத்து இறங்கும் இடம். புதிதாக வந்த பறவைகளின் தனிமைக் கூண்டு: வழக்கமாக 30 நாள் வைப்பார்கள், அதன் தொடக்கத்திலும் முடிவிலும் எடுங்கள். மூன்றாவது, தீவனம். வல்லூறு, ஆந்தை போன்றவற்றுக்குப் பச்சைக் கோழி போடுகிறார்கள் என்றால், அந்தக் கோழி எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். 2004இல் தாய்லாந்தின் ஒரு புலிக் காட்சியகத்தில் ஏராளமான புலிகள் மடிந்தது, தொற்றுள்ள கோழியைத் தின்ற பிறகுதான். சந்தைக்கும் காட்சியகத்துக்கும் நடுவே இப்படி ஒரு வழி இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை.

9. குளிர்ச்சியும் பயணமும்

மாதிரி 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் போய்விடும் என்றால் 4 டிகிரி செல்சியஸ் போதும். அதற்கு மேல் ஆகும் என்றால் மைனஸ் 80 டிகிரிக்கு, அல்லது திரவ நைட்ரஜனுக்குப் போக வேண்டும். நடுவில் இருக்கும் மைனஸ் 20 டிகிரி உறைபெட்டியில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்காதீர்கள். வைரஸை உயிரோடு பிரித்தெடுக்க வேண்டிய மாதிரிக்கு அது ஆகாது. உறைந்து உருகி மறுபடி உறைவது எல்லாவற்றையும்விடக் கேடு.

அனுப்பும்போது மூன்று அடுக்கு: கசியாத குப்பி, அதைச் சுற்றி உறிஞ்சும் பஞ்சு, கசியாத இரண்டாம் உறை, கெட்டியான வெளிப்பெட்டி. நோயறியும் மாதிரி என்றால் பெட்டியில் யூஎன் 3373 குறி (யூஎன் என்பது அபாயப் பொருள்களுக்கான ஐநா எண்). வளர்த்த தீவிர வைரஸ் என்றால் அது யூஎன் 2814, அதற்கான பெட்டியும் விதியும் வேறு. சான்றிதழ் பெற்றவர்தான் கட்ட வேண்டும். ட்ரை ஐஸ் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) வைத்தால் யூஎன் 1845 குறியும் எடையும் எழுத வேண்டும். ட்ரை ஐஸ் உள்ள பெட்டியைக் காற்றுப்புகாமல் ஒட்டினால் வாயு சேர்ந்து வெடிக்கும்.

வார இறுதிக்கு முந்தைய நாள் அனுப்பாதீர்கள். ஆய்வகத்தில் வாங்கி வைக்க ஆள் இருக்கிறாரா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

10. முடிவைப் படிப்பது

ஆய்வகம் முதலில் எம் மரபணுவைத் தேடும். இருந்தால் ஏதோ ஒரு இன்ஃப்ளுயன்சா ஏ வைரஸ் இருக்கிறது என்றுதான் பொருள். அடுத்து அது எச்5, எச்7, எச்9 என்ற உட்பிரிவுகளில் எது என்று பிரித்துப் பார்ப்பார்கள். பல நாடுகளின் சந்தைகளில் எச்9என்2 சாதாரணமாகவே சுற்றிக்கொண்டிருக்கிறது, ஆகவே எம் மரபணு தெரிந்ததும் அலற வேண்டாம். எச்5 அல்லது எச்7 என்றால், வைரஸின் பிளவுப் பகுதியை (அதன் எச் புரதம் வெட்டுப்படும் இடம்) வரிசைப்படுத்திப் பார்த்துத்தான் தீவிர வகையா இல்லையா என்று சொல்வார்கள்.

பிசிஆர் ஓரிரு நாளில் முடியும். முட்டையில் வைரஸ் வளர்க்க ஒன்றிரண்டு வாரம் ஆகலாம்; அதற்கு உயர்பாதுகாப்பு ஆய்வகம் வேண்டும். இன்னொன்று: மரபணு முடிவைப் பொதுத் தரவுத்தளத்தில் போடும் முன் கால்நடைத் துறை அதிகாரபூர்வமாக அறிவித்துவிட்டதா என்று பாருங்கள்.

11. திரும்பி வந்த பிறகு

பயன்படுத்திய உடுப்பு, கையுறை இரட்டைப் பையில் கட்டி, ஆட்டோகிளேவுக்கு (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கலன்). பூட்ஸை முதலில் சோப்புப் போட்டு அழுக்குப் போகத் தேயுங்கள், அப்புறம் கிருமிநாசினி. அழுக்கின் மேல் ஊற்றும் ப்ளீச்சால் பயன் குறைவு. அன்றே வேறு பண்ணைக்கோ பறவைக் கூடத்துக்கோ போகாதீர்கள்.

கடைசியாகப் பறவைகளைத் தொட்ட நாளிலிருந்து 10 நாள், குழுவில் எல்லாரும் காய்ச்சல், இருமல், கண் சிவப்பு இருக்கிறதா என்று குறித்து வையுங்கள். எது வந்தாலும் மருத்துவரிடம் "பறவைச் சந்தையில் வேலை செய்தேன்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். நோய்க்கு ஏற்ற மருந்து சீக்கிரம் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும்.

முடிவில் வைரஸ் இல்லை என்றாலும் கடைக்காரர்களிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். அடுத்த சுற்றுக்கான தேதியையும் அப்போதே பேசிவிடலாம். கடை எண்ணும் எடுக்கும் நேரமும் முதல் சுற்றில் இருந்தது போலவே இருக்கட்டும், இல்லையென்றால் இரண்டு சுற்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது.